பெயர் மாறிய நேர மண்டலம்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் புடவைக் கடைகளுக்கும் மீன் சந்தைக்கும் பெயர் பெற்ற கரியாஹாட் நாற்சந்தி, ஏறத்தாழ 88 பாகை 22 கலை கிழக்குத் தீர்க்கரேகையில் அமைந்துள்ளது. இந்திய நேரத்திற்கு அடையாளமாகக் கணிப்பொறிகள் கொண்டுள்ள இடமும் இதே தீர்க்கரேகையில்தான், நாற்சந்திக்குச் சிறிது வடக்கே, குறிக்கப்பட்டிருக்கிறது. உலக நாடுகளின் நேர மண்டலங்களைத் தொகுத்துள்ள பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு மண்டலத்திற்கும் கண்டத்தின் பெயரும் ஒரு நகரத்தின் பெயரும் சேர்ந்த குறியீடு வழங்கப்படுகிறது. இந்தியாவுக்கு அமைந்த நகரம் கொல்கத்தா. ஆகவே இராமநாதபுரத்திலுள்ள ஓர் அலுவலகத்தின் கணிப்பொறியும் இந்நகரின் பெயரையே தன்னுள் கொண்டு இயங்குகிறது.

2001ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று கல்கத்தா என்னும் ஆங்கில வழக்கு நீங்கி, கொல்கத்தா என்பதே அதிகாரபூர்வமான பெயராயிற்று. பொதுப் பட்டியல் இம்மாற்றத்தை 2008இல் ஏற்றது. ஆயினும் ‘ஆசியா/கல்கத்தா’ என்ற பழைய குறியீடு நீக்கப்படவில்லை; புதியதைச் சுட்டும் மறுபெயராக அது நிலைபெற்றது. எனவே நெடுங்காலம் எவர்க்கும் இடையூறு தோன்றவில்லை. விண்டோஸ் கணிப்பொறிகளில் இயங்கும் ஜாவா மென்பொருள் இந்திய நேரத்தைப் பழைய பெயராலேயே அழைத்து வந்ததைக் கவனித்தோரும் சிலரே.

2023இல் டெபியன் இயக்க முறைமையைப் பேணுவோர் பழைய பெயர்களையெல்லாம் நேர மண்டலத் தொகுப்பினின்றும் பிரித்து, ‘டிஇசட்டேட்டா-லெகசி’ என்னும் தனித் தொகுப்பில் வைத்தனர். உபுண்டுவின் 23.10ஆம் பதிப்பிலும், 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பிலும் இந்தப் பிரிவினை காணப்படுகிறது. இந்தத் தனித் தொகுப்பு நிறுவப்படாத சர்வர், கல்கத்தா என்ற பெயரை அறியாது.

இதன் விளைவு அறிக்கை தயாரிக்கும் அலுவலர்களை எவ்வாறு வந்தடைகிறது என்பது நோக்கத்தக்கது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் டெபியனில் நிறுவப்படும்பொழுது, நேர மண்டலப் பெயர்களை அந்த இயக்க முறைமையின் பட்டியலிலேயே தேடுகிறது. ஜாவாவில் அமைந்த அறிக்கை மென்பொருளோ, இணைப்புக் கோரும் முதற் செய்தியிலேயே தன் நேர மண்டலத்தைத் தெரிவிக்கிறது. ‘ஆசியா/கல்கத்தா’ என்று அது சொல்ல, அத்தகைய மதிப்பு செல்லாது எனச் சர்வர் மறுத்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. நேற்றுவரை வந்த மாதாந்தர அறிக்கை இன்று வருவதில்லை. கடவுச்சொல்லும் சரி, கம்பியும் சரி. ஆனால் பிழைச் செய்தியை முழுதும் படியாதவர்கள் அவ்விரண்டையுமே மாற்றி மாற்றிப் பார்த்துப் பொழுதைக் கழிப்பர்.

பரிகாரம் எளியதே. ஜாவா தொடங்கும்பொழுது அளிக்கப்படும் ‘யூசர்.டைம்ஸோன்’ என்னும் அமைப்பில் ‘ஆசியா/கொல்கத்தா’ எனக் குறித்துவிட்டால் இணைப்பு மீள்கிறது. கணிப்பொறிகள் பலவாக இருப்பின், சர்வரில் மேற்கூறிய தனித் தொகுப்பை நிறுவுதல் சிக்கனமான வழி. இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு: மிகப் பழைய சர்வர்கள் சில கல்கத்தாவை மட்டுமே அறியும், அவற்றிடம் புதிய பெயரைச் சொன்னால் மறுப்பு வரும். ஆகையால் இரு முனைகளில் எது பழையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அவசரத்தில் சிலர் மேற்கொள்ளும் மற்றொரு வழி ஆபத்தானது. நேர மண்டலத்தை ‘யூடிசி’ என மாற்றினால் இணைப்பு உடனே திறந்துகொள்ளும். பிழைச் செய்தியும் மறையும். ஆனால் நேரம் 5 மணி 30 நிமிடம் பின்னுக்குச் சென்றிருக்கும். மழைமானி நிலையங்களில் காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவு 3.00 மணி எனத் தோன்றும். தேதி மாறாமையால் எவரும் ஐயுறார். தானியங்கி மானி 16ஆம் தேதி விடியற்காலை 4 மணிக்குப் பதிந்த மழையோ 15ஆம் தேதி இரவு 10.30 மணிக்குச் சென்றுவிடும். மாதத்தின் முதல் நாள் விடியலில் பெய்த மழை முந்தைய மாதக் கணக்கில் சேரும். அறிக்கையில் மட்டும் நேர்ந்த பிழையைத் திருத்தலாம். அதே அமைப்பில் புதிய பதிவுகளும் உள்ளிடப்பட்டிருந்தால், எவை பிழைபட்டவை என்று பிரித்தறிதல் மிகக் கடினம்.

பெயரை விடுத்து ‘+5.30’ என்ற எண்ணை மட்டும் அளித்தால் போதாதா என்று வினவலாம். இன்றைய பதிவுகளுக்குப் போதும். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னதாக ஓடின. அந்த வரலாறு ‘ஆசியா/கொல்கத்தா’ என்னும் பெயருக்குள் அடங்கியுள்ளது; எண்ணில் அஃது இல்லை. பழைய பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் நிலையங்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

ரங்கூன் 2016இல் யாங்கோன் என்றும், கீவ் நகரின் ஆங்கில எழுத்துக்கூட்டு 2022இல் உக்ரேனிய ஒலிப்பை ஒட்டியும் இப்பட்டியலில் மாற்றப்பட்டன. அந்நாட்டு அலுவலகங்களும் இதே இடையூற்றுக்கு உள்ளாகக் கூடும். இணைப்பு மீண்டபின், விடியற்காலையில் மழை பெய்த ஒரு நாளைத் தேர்ந்து, கணிப்பொறியின் அறிக்கையைக் கைப்பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் ஐந்து நிமிட வேலையாகும்.