பட்டறைக்கு உதவும் விருந்து

கல்லூரி ஆண்டு விழா என்றதும் மாலையும் சொற்பொழிவும் நற்சான்றிதழுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொறியியற் கல்லூரிகள் சில, இத்தகைய விழாவை வேறொரு பயனுக்கும் கருவியாக்கிக் கொண்டுள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை அவை விருந்தொன்று நடத்தி, தொழிலில் மேம்பட்ட பழைய மாணவர்க்கு விருது வழங்குகின்றன. விருந்தினர் அதற்குக் கட்டணம் செலுத்துகின்றனர். தொழில் நிறுவனங்கள் ஒரு மேசை முழுவதற்கும் பணம் கட்டித் தம் பொறியாளரை அனுப்புகின்றன. உணவுச் செலவு போக எஞ்சும் தொகை, போட்டிகளிற் கலந்துகொள்ளும் மாணவர் குழுக்களைச் சேருகிறது. விருது பெறுவோர் மூத்தோர். பயன் பெறுவோர் இளையோர்.

இப்போட்டிகள் எத்தகையவை? மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் சார்பில் நடைபெறும் ‘ஃபார்முலா எஸ்.ஏ.இ.’ போட்டியை எடுத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இது தொடங்கிற்று. சிறு பந்தய வண்டியொன்றை மாணவர் தாமே திட்டமிட்டுக் கட்டி ஓட்டுதல் வேண்டும். மொத்த மதிப்பெண் 1,000. அவற்றுள் வண்டி ஓடுவதற்கு முன்னரே 325 மதிப்பெண்கள் தீர்மானிக்கப்படுகின்றன. அமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, திட்டத்தை விளக்கிக் கூறுவதற்கு 75 என்பன அவை. எஞ்சிய 675இல் 275, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவுள்ள நெடிய ஓட்டத்துக்கு உரியவை. பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகவே செல்ல வேண்டும் என்பது விதி. ஆதலின் பெரிய எஞ்சினைப் பொருத்தி வென்றுவிடலாம் என்ற எண்ணத்துக்கு இங்கு இடமில்லை.

நெடிய ஓட்டமே உண்மையான சோதனை. குழாய் இணைப்பொன்றில் எண்ணெய் கசியுமாயின், வண்டி ஓட்டத்தினின்று நீக்கப்படும். ஓராண்டு உழைப்பு சில நொடிகளில் நின்றுவிடும். ஆயினும் அந்த மாணவன் இணைப்பை எவ்வாறு முடுக்க வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் மறவான். வகுப்பறைச் சோதனையின் விடை முன்னரே தெரிந்தது. ஆகையால் அதற்குரிய செலவையும் முன்னரே வரையறுக்கலாம். உடைந்த உறுப்பை மீண்டும் செய்வதற்கான செலவை அவ்வாறு வரையறுக்க இயலாது. அச்செலவுக்கே விருந்தின் தொகை பயன்படுகிறது. தாமும் ஒருகாலத்தில் பட்டறையில் உறுப்புகளை உடைத்துக் கற்ற பழைய மாணவர்க்கு இதனை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடப் பொறியியல் மாணவர்க்குக் கான்கிரீட் படகுப் போட்டி உண்டு. அமெரிக்காவில் இது 1988 முதல் தேசிய அளவில் நடைபெறுகிறது. சாதாரணக் கான்கிரீட்டின் நிறை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோகிராம். நீரின் நிறை 1,000 கிலோகிராம். நீர் நிரம்பிய படகும் மேலெழுந்து மிதத்தல் வேண்டும் என்பது சோதனை. எனவே சல்லிக்கு மாற்றாக, உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடிக் குண்டுகள் போன்ற இலேசான பொருள்களை மாணவர் கலந்து பார்க்கின்றனர். எடை குறையும்போது வலிமையும் குறைகிறது. எத்தனையோ கலவைகள் வீணான பின்னரே தக்கதொன்று கிடைக்கிறது.

செல்வமிக்க பழைய மாணவரையுடைய கல்லூரியே வெல்லுமன்றோ என வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு; நல்ல கருவிகள் நல்ல வண்டிக்குத் துணை செய்கின்றன. ஆயினும் அமைப்பை ஆராயும் நடுவர், ‘இவ்வுறுப்பை ஏன் இவ்வாறு செய்தீர்?’ என்று கேட்கிறார். உறுப்பைப் பணம் கொடுத்து வாங்கலாம். காரணத்தை வாங்க இயலாது.

நம் நாட்டிலும் இம்முயற்சி வேரூன்றியுள்ளது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளுக்கான ‘பாஹா’ போட்டி 2007இல் இந்தூரை அடுத்த பீதம்பூரில் தொடங்கிற்று. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள கரி பந்தயத் தளத்தில் ‘ஃபார்முலா பாரத்’ போட்டிகள் நடைபெற்றிருக்கின்றன. இவற்றிற் கலந்துகொள்ளும் குழுக்கள் பலவும் பொருளுதவி தேடி நிறுவனங்களின் வாயிலில் நிற்க வேண்டியுள்ளது. நம் கல்லூரிகளிலும் பழைய மாணவர் கூடுகின்றனர். உண்டு மகிழ்ந்து கலைகின்றனர். அக்கூட்டத்தின் ஒரு பகுதியைப் பட்டறையின் பக்கம் திருப்புதல் அரிதன்று.

ஆசிரியரும் களப்பணியாளரும் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. உள்ளூர்ப் பள்ளியில் மூங்கிற் குச்சிகளால் பாலம் கட்டும் போட்டி நடத்த விருந்து தேவையில்லை. ஆனால், முதற்பாலம் முறிந்த பின் இரண்டாம் பாலத்துக்கு வேண்டிய குச்சிகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்தல் வேண்டும். மாணவன் கற்பது அந்த இரண்டாம் பாலத்தில்தான்.