சோயாக் காட்டில் களையெடுக்கும் கோடை

கோடை என்றால் நமக்குக் காடு காய்ந்து கிடக்கிற காலம். கிணறு இறங்கியிருக்கும், உழவு ஓய்ந்திருக்கும். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இது தலைகீழ். நீண்ட பனிக்காலம் போனபிறகு கிடைக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் அங்கே பயிர் வளர்கிற காலம். அந்த மூன்று மாதத்தில் ஒரு குடும்பம் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஆண்டின் பிழைப்பு.

அந்தப் பகுதியின் நடுவில் இருக்கிறது அயோவா மாநிலம். சனம் சுமார் 32 லட்சம். பன்றிகளோ 2 கோடிக்கும் மேலே! மக்காச்சோளம் ஏறத்தாழ 1.3 கோடி ஏக்கர், சோயா ஏறத்தாழ 1 கோடி ஏக்கர். ஒரு பண்ணையின் சராசரி அளவு 345 ஏக்கர். அடேயப்பா, பெரிய பண்ணையார்தான் என்று தோன்றும். ஆனால் பாருங்க, அவ்வளவு நிலம் இருந்தும் பெரும்பாலான வீடுகளில் கணவனோ மனைவியோ வெளிவேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ ஒரு வேலை இருந்தால் அதோடு மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். காப்பீடு இல்லாமல் ஒரு அறுவை சிகிச்சை வந்தால் நிலமே கையைவிட்டுப் போய்விடும்.

வயலில் ஆள் இல்லாத கோடை

ரசாயனப் பண்ணையின் கோடை எப்படியிருக்கும்? ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விதைப்பு. ஜூனில் களைக்கொல்லி. ஜூலையில் மக்காச்சோளம் பூவெடுக்கும்போது விமானம் தாழப் பறந்து பூஞ்சாண மருந்து தெளித்துவிட்டுப் போகும். பிறகு செப்டம்பர், அக்டோபரில் அறுவடை இயந்திரம் இறங்கும்வரை வயலுக்குள் மனிதக் கால் படவேண்டிய தேவையே இல்லை.

முன்பு இப்படி இல்லை. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் சோயாக் காட்டுக்குத்தான் போவார்கள். "பீன்ஸ் நடக்கப் போறோம்" என்பது அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர். ஆளுக்கு நாலு சால் பிரித்துக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடக்க வேண்டும். 1996-இல் களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்றுச் சோயா வந்தது. சில வருஷத்திலேயே அந்த நடை நின்றுபோனது. களையெடுக்க ஆள் வேண்டாம் என்றானதும் ஒரே ஆள் ஆயிரம் ஏக்கர் பார்க்க முடிந்தது. பக்கத்துப் பண்ணையை வாங்கினார்கள், அதற்கடுத்ததையும் வாங்கினார்கள். வீடுகள் காலியாயின. பிள்ளைகள் குறைந்து, ஊர்ப் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

களை போனதா என்றால் அதுவும் இல்லை. வாட்டர்ஹெம்ப் என்று ஒரு களை. நம்ம முள்ளுக்கீரைக்குச் சொந்தக்காரன். ஒரே செடி லட்சக்கணக்கில் விதை கொட்டும். அது இன்று ஒன்றுக்கு மேற்பட்ட களைக்கொல்லிகளுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதை ஒழிக்க இன்னும் கடுமையான மருந்துகள் வந்தன. டைகாம்பா என்ற மருந்து காற்றில் ஆவியாகிப் போய் அடுத்தவர் சோயாவின் இலையைக் கிண்ணம் மாதிரி சுருட்டிவிட்டது. பல ஊர்களில் அண்டை வீட்டாருக்குள் பகையே மூண்டது.

இயற்கை வழிக் குடும்பத்தின் ஒரு நாள்

அயோவாவில் சான்று பெற்ற இயற்கைப் பண்ணைகள் நூற்றில் ஒன்று என்ற அளவுதான். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஜூன் மாத நாள் எப்படிப் போகும்?

பொழுது காலை 5:40-க்கு விடிந்து, இரவு 9 மணியை ஒட்டித்தான் அடையும். பதினைந்து மணி நேர வெளிச்சம். விடிந்ததும் பிள்ளைகள் மாட்டுக்கும் கோழிக்கும் தண்ணீர் வைக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் சோயாக் காட்டுக்கு நடை. இலையில் இருக்கிற பனியில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிடும். சாலுக்குச் சால் இரண்டரை அடி. ஒரு சால் கால் மைல், அரை மைல் நீளம். வாட்டர்ஹெம்பையும், நம்ம துத்தி இனத்துக் களையையும், போன வருஷம் சிந்தி முளைத்த மக்காச்சோளத்தையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போகிறார்கள்.

அப்பா டிராக்டரில் இடை உழவு ஓட்டுகிறார். இவர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாக, மே பாதிக்கு மேல்தான் விதைக்கிறார்கள். முதலில் களையை முளைக்கவிட்டு, உழுது அழித்து, பிறகு விதைப்பு. விதைத்த ஒரு வாரத்துக்குள் மண்ணின் மேல்தோலை மட்டும் கிளறும் சுழல்கொத்து. வெள்ளை நூல் மாதிரி இருக்கிற களைமுளை அதிலேயே செத்துவிடும். பிறகு இரண்டு மூன்று இடை உழவு. மழை நாலு நாள் விடாமல் பெய்து இந்தப் பருவம் தவறினால், அந்த வருஷம் முழுக்கக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் குதிரைமசால் வேலை. அறுத்துக் காயவைத்ததை மழை வருவதற்குள் கட்டாகக் கட்டிக் களஞ்சியத்தின் பரணில் ஏற்ற வேண்டும். ஒரு கட்டு 20 கிலோவுக்கு மேல். தகரக் கூரைக்கடியில் தூசியோடு வேகிற வேலை அது. அம்மா வெளிவேலை முடித்து வந்ததும் தோட்டத்தில் இறங்குகிறார். வெள்ளரிக்காய் ஊறுகாயாகிறது. தக்காளி கண்ணாடிச் சாடியில் அவித்து அடைக்கப்படுகிறது. இனிப்பு மக்காச்சோளம் கதிரிலிருந்து சீவப்பட்டு உறைபெட்டிக்குப் போகிறது. பனிக்காலத்துச் சாப்பாடு இதுதான்.

காற்று எந்தப் பக்கம்?

இந்தக் குடும்பத்தின் பெரிய பயம் பூச்சியல்ல, பக்கத்து வயல். தடை செய்த மருந்து பட்டுவிட்டால் அந்தத் துண்டு நிலம் சான்றை இழக்கும். மறுபடி சான்று கிடைக்க மூன்று வருஷம். இயற்கை வழி மக்காச்சோளத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கிடைக்கிறது. சான்று போனால் அந்த விலையும் போச்சு. அதனால் வேலியோரம் சில பத்தடியைத் தடுப்புப் பட்டையாக விட்டுவிடுகிறார்கள். "மருந்து தெளிக்காதீர்" என்று பலகை நடுகிறார்கள். மருந்து வண்டி வரும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

ஜூலையில் பல கவுண்டிகளில் சந்தை விழா. நான்கு இலைக் குளோவர் சின்னம் போட்ட 4-எச் மன்றத்துப் பிள்ளைகள், மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த கன்றைக் குளிப்பாட்டி, கயிறு பிடித்து நடத்திக் காட்டுகிறார்கள். விழா முடிவில் ஏலம். கன்று கறிக்குப் போகிறது, பிள்ளை அழுகிறது, பணம் படிப்புக்குச் சேர்கிறது. பண்ணையத்தின் கணக்கைப் பிள்ளை முதலில் படிப்பது அங்கேதான்.

கூடுகிற கணக்கு உழைப்புதான்

விலை சரிந்து, கடனில் பண்ணைகள் ஏலம்போன 1980-களில்தான், 1985-இல், 'பிராக்டிகல் ஃபார்மர்ஸ் ஆஃப் அயோவா' என்ற உழவர் அமைப்பு பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் டிக் தாம்சனும் ஷேரன் தாம்சனும் முக்கியமானவர்கள். பூன் ஊருக்கருகே 300 ஏக்கரில் மக்காச்சோளம், சோயா, ஓட்ஸ், தீவனப்புல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, மாட்டெருவை நிலத்துக்கே திருப்பினார்கள். தங்கள் வயலிலேயே பட்டை பட்டையாகச் சோதனை செய்து, கணக்கை எல்லாருக்கும் திறந்து காட்டினார்கள். இன்றும் கோடையில் அந்த அமைப்பின் வயல் நாட்கள் நடக்கின்றன. உழவர் உழவரிடம் கேட்டுக் கற்கிறார்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் தன் மார்ஸ்டன் பண்ணையில் இதைச் சோதித்தது. இரண்டே பயிரை மாற்றிப் போடுவதற்குப் பதில் மூன்று, நான்கு பயிர் சுழற்சி வைத்தபோது ரசாயன உரமும் களைக்கொல்லியும் வெகுவாகக் குறைந்தன. லாபம் குறையவில்லை. கூடியது உழைப்பு மட்டுமே.

அந்த உழைப்பை யார் கொடுப்பது? இன்று அப்பா, அம்மா, பிள்ளைகள். வளர்ந்த பிள்ளைக்கு விதைக் கம்பெனி வயலில் மக்காச்சோள ஆண்பூ உருவும் வேலைக்குப் போனால் கையில் ரொக்கம். கல்லூரி முடித்தால் நகரத்தில் சம்பளம். களைக்கொத்தைப் பிடித்த கை திரும்பி வர வேண்டுமானால், நுகர்வோர் கொடுக்கிற அந்த இரண்டு மடங்கு விலை நிலைக்க வேண்டும், காப்பீட்டுக்காக வெளிவேலை தேட வேண்டாத நிலை வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு கோடையும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சோதனைதான்.