உங்களுக்குத் தெரியுமா? – ஒரகடத்தில் இரண்டாவது வேலை

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ ஆலையை விட்டு வெளியே வந்தது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரிக்கரை வயல்கள் வரை கம்பெனிகள் வந்துவிட்டன. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இந்தப் பக்கம் முதல் வேலை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பஸ் ஸ்டாப் கம்பங்களில் ‘ஆட்கள் தேவை, தங்குமிடம் இலவசம்’ என்று ஒட்டியிருக்கும். கஷ்டம் இரண்டாவது வேலையில்தான். காண்ட்ராக்ட் முடிந்து, ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரூமுக்கு வருகிற பிள்ளைக்கு, ‘அடுத்து என்ன?’ என்று உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். காசு வாங்காமலே பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இதழின் துணுக்குகள் அவர்களைப் பற்றியவை.

✱

‘கெரியர் கோச்’ என்பதில் உள்ள கோச், ரயில் பெட்டியைச் சொல்கிற அதே கோச்தான். ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம். 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்றன. ஊர்ப் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று. 1830-களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், பரீட்சையைத் தாண்ட உதவுகிற ஆசிரியரை ‘கோச்’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள். நம் அரசு அலுவலகப் பலகையில் இந்த வேலைக்கு நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது: தொழில்நெறி வழிகாட்டல்.

✱

இதற்கென்று ஆரம்ப காலத்திலேயே ஓர் அலுவலகம் திறந்தது, வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. 1908 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் அதைத் தொடங்கினார். அந்த நகரின் நார்த் எண்ட் பகுதியில் கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. பிள்ளைகள் கிடைத்த தொழிற்சாலையில் நுழைந்துகொண்டிருந்தார்கள். பார்சன்ஸ் தம்மிடம் வருகிறவர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கொடுத்து எழுதச் சொல்வார். அவர் சொன்ன வழி மூன்றே படி: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் வைத்து யோசி. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் இறந்துபோனார். அவர் எழுதி வைத்ததை நண்பர்கள் 1909-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் படிப்பவர்களுக்கு முதல் பாடம் அதுதான்.

✱

இந்த வேலைக்கு ஆள் தயார் செய்த கல்வி நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. 1993-ல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் அது. 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. தொழில்வழி ஆலோசனையை முதுகலைப் பாடமாகவே நடத்திய இடம். ஷிஃப்ட் பஸ்கள் தினமும் அந்த ஊரைக் கடந்துதான் போகின்றன. உள்ளே படித்த படிப்பும் வெளியே பஸ்ஸில் போகிற பிள்ளையும் ஒரே ஊரில் இருந்துகொண்டே சந்திக்காமல் போனால், அதைவிட வருத்தம் என்ன இருக்கிறது?

✱

நோக்கியாவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் நீல நிறக் கம்பெனியின் போன்களைக் கையால் கோத்து உலகத்துக்கு அனுப்பினார்கள். பலர் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்கள்தான். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது; ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது.

அதே நோக்கியா, 2011-ல் உலகெங்கும் ஆட்குறைப்பு செய்தபோது ‘பிரிட்ஜ்’ என்றொரு திட்டத்தை நடத்தியது. 13 நாடுகள், 18,000 ஊழியர்கள், செலவு 5 கோடி யூரோ. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஆலோசகர்கள் கேட்டார்கள்: நோக்கியாவிலேயே வேறு வேலையா, வெளியே வேலையா, சொந்தத் தொழிலா, படிப்பா? அந்தத் திட்டத்தில் 100-க்கு 60 பேர், வேலை முடிந்த நாளிலேயே தங்கள் அடுத்த படியைத் தெரிந்து வைத்திருந்தார்கள். இந்தக் கணக்கை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓய்வுத் தொகை எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்கிறோம். கதவு மூடுவதற்கு எத்தனை மாதம் முன்னால் ஆலோசகர் வந்து உட்கார்ந்தார் என்றும் கேட்க வேண்டும். எந்தக் கம்பெனியானாலும், எந்த ஆண்டானாலும்.

(அந்த நோக்கியா வளாகம் சும்மா கிடக்கவில்லை. சார்ஜர் செய்யும் சால்காம்ப் அதை எடுத்துக்கொண்டு 2020-ல் உற்பத்தியைத் தொடங்கியது. போன் கோத்த அனுபவம் அங்கேயும் செல்லும்.)

✱

ஒரு வழிகாட்டி என்னதான் செய்வார்? என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகன் செய்யாறு பக்கம். ஒரகடத்தில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தான். பயோடேட்டாவில் அந்த மூன்று வருஷத்துக்கு ஒரே வரி: ‘ஆபரேட்டர், 3 ஆண்டு’. ஏன்டா இவ்வளவுதானா என்றேன். “பட்டன அமுக்குறதுதான சித்தி, வேற என்ன எழுதுறது?” என்றான்.

தெரிந்த ஒரு தொழில்நெறி ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். அந்தம்மா பயோடேட்டாவைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “தம்பி, ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் எடுப்பீங்க? ரிஜெக்‌ஷன் எவ்வளவு வரும்? மோல்டு மாத்துறது யாரு?” என்று கேட்டுக்கொண்டே போனார். மோல்டு மாற்றுவதில் அவன் செட்டருக்குக் கூட நின்றிருக்கிறான். ராத்திரி ஷிஃப்டில் செட்டர் வராத நாளில் தானே மாற்றியும் இருக்கிறான். புதிதாக வந்த ஏழு பேருக்கு அவன்தான் மெஷின் சொல்லிக் கொடுத்தவன். பாகம் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க ‘கைசென்’ என்று கம்பெனியில் சொல்கிற மேம்பாட்டு யோசனை ஒன்றை எழுதிப் போட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்கி, அதை ரூமில் துணிப்பைக்கு அடியில் வைத்திருந்தான். “இதையெல்லாம் சொல்லவே இல்லையேப்பா” என்றார் அந்தம்மா. அவனுக்குக் காது சிவந்துபோயிற்று. ஒன்றேகால் மணி நேரத்தில் தாள் நிறைந்தது. அதில் ஒரு வரிகூட அவருடையதில்லை, எல்லாம் அவன் செய்த வேலை.

✱

அந்த வெள்ளைத் தாளுக்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. ஸ்டீவன் பிரவுன், நான்சி ரையன் கிரேன் என்ற இருவர், தொழில்வழி ஆலோசனை பற்றி நடந்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து, எது பலன் தருகிறது என்று 2000-ல் வெளியிட்டார்கள். ஐந்து விஷயங்கள் தேறின: வந்தவரே கைப்பட எழுதுவது, அவருக்கென்று தனியாகப் பேசி விளக்குவது, வேலை உலகத்தைப் பற்றிய சரியான தகவல், அந்த வழியில் போய் வந்தவர்களைக் காட்டுவது, வீட்டாரும் நண்பர்களும் துணை நிற்க வழி செய்வது. 2003-ல் சூசன் விஸ்டன் குழுவினர் செய்த தொகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆலோசகர் இல்லாமல் தாங்களாகவே செய்துகொள்ளும் முறைகளுக்குப் பலன் குறைவு. செல்போனில் மட்டும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் காதில் இது விழ வேண்டும்.

✱

அப்ரென்டிஸ் ஆகச் சேர்ந்தால் வேலை நிச்சயம் என்று நம்புகிற வீடுகள் நிறைய. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பயிற்சி முடிந்தவருக்கு வேலை தரும் கட்டாயத்தை நிறுவனத்தின் மேல் பொதுவாக வைக்கவில்லை; ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைப் படிக்க வேண்டும். அதற்காக அப்ரென்டிஸை ஒதுக்கவும் கூடாது. ஐ.டி.ஐ. முடித்தவர் பயிற்சியின் இறுதித் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வே முதல் பொதுத்துறை வரை அதற்கு மதிப்பு உண்டு. பயிற்சியை முடித்துவிட்டுத் தேர்வு எழுதாமல் ஊருக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும்.

✱

பத்தாவது படித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர், பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். வேலையில் இருந்துகொண்டே மாலையில் படிக்கப் பகுதிநேர பி.இ.யும் உண்டு. ஐ.டி.ஐ.க்காரர் மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணைச் சான்று வாங்கலாம். லைனில் நிற்கும் பலருக்கு இந்த ஏணி இருப்பதே தெரியாது.

ஐ.டி.ஐ. என்றால் பழைய லேத் பட்டறை என்று நினைப்பவர்களுக்கு: டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தமிழ்நாடு அரசு புதுப்பித்தது. ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் எல்லாம் அங்கே பாடம். ஒரகடம் ஐ.டி.ஐ.யும் அதில் ஒன்று.

✱

நல்ல ஆலோசகர் பி.எஃப். பாஸ்புக்கையும் எடுத்துவரச் சொல்வார். கம்பெனி எத்தனை மாறினாலும் யு.ஏ.என். எண் ஒன்றுதான். பென்ஷனுக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். ஒவ்வொரு காண்ட்ராக்ட் முடிவிலும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்தச் சேவைக் காலம் கணக்கிலிருந்து போய்விடும். எட்டு மாதம், பதினொரு மாதம் என்று துண்டு துண்டாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம்.

✱

கன்சல்டன்சி வேறு, கோச் வேறு. கன்சல்டன்சி கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறது. அதற்குக் கூலி தர வேண்டியது கம்பெனி. கோச் உங்கள் பக்கம் உட்காருகிறவர். அவர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்ல மாட்டார். சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளை 3,000 ரூபாய் கட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தான்.

வெளிநாட்டு வேலை என்றால் பதிவு பெற்ற முகவர்தானா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

✱

இந்தியாவில் கோச் என்று பலகை மாட்ட லைசென்ஸ் தேவையில்லை. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று தரம் வைத்திருக்கிறது: குறைந்தது 100 மணி நேரம், 500 மணி நேரம், 2,500 மணி நேரம் பிறரோடு உட்கார்ந்து பயிற்சி தந்த அனுபவம். “நீங்க எத்தனை மணி நேரம் பார்த்திருக்கீங்க சார்? எங்க மாதிரி ஃபேக்டரி ஆளுங்கள பார்த்திருக்கீங்களா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

✱

இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் ஏறக்குறைய 10-க்கு 4 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. ஒரு சின்ன ஊரே ஒரு வளாகத்துக்குள் இருக்கிறது. வார விடுமுறையில் அங்கே ஓர் ஆலோசகர் மேசை போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இருபது வயதில் லைனில் சேர்ந்த பெண், கல்யாணம், குழந்தை என்று இரண்டு வருஷம் இடைவெளி விட்டுத் திரும்பும்போது அதை எப்படிச் சொல்வது, எந்த வேலையைக் கேட்பது என்று அவளோடு பேச ஆள் வேண்டும். ஊரில் மாமியாரிடம் பேசுகிற விஷயமா அது?

✱

காசில்லாமல் எங்கே போவது? காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்று நாம் சொல்கிற அதே இடம்தான். பதிவு, புதுப்பித்தலோடு வந்துவிடுகிறோம். பெயரின் பின்பாதியைக் கேட்டு வாங்க வேண்டும்: “தொழில்நெறி வழிகாட்டல் வேணும்” என்று சொல்லுங்கள். தனியார் கம்பெனிகளுக்கான முகாமும் அங்கே வெள்ளிக்கிழமைகளில் நடப்பதுண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்தவர்கள் அப்படியே போகலாம். மத்திய அரசின் தேசியத் தொழில் சேவைத் தளம் 2015 ஜூலையிலிருந்தும், படிக்கிற பிள்ளைகளுக்கு மாநில அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 முதலும் இருக்கின்றன.

போகும்போது பயோடேட்டா மட்டும் போதாது. பி.எஃப். பாஸ்புக், அப்ரென்டிஸ் சான்று, பழைய சம்பளச் சீட்டு, கம்பெனியில் கொடுத்த பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். துணிப்பைக்கு அடியில் கைசென் சான்றிதழ் ஏதாவது கிடந்தால் அதையும்.