எழுத்தைச் சுருக்கினால் அவுட்லைனும் சுருங்க...

கோரல்டிராவில் ஒரு பெயரை டைப் செய்து, அதற்குத் தடிமனான அவுட்லைன் கொடுக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அதையே பாதியாகச் சுருக்கினால் எழுத்து சிறிதாகிறது. அவுட்லைன் மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கிறது. எழுத்துகளின் உள் துளைகள் அடைத்துக்கொள்கின்றன. இது சாஃப்ட்வேர் கோளாறு அல்ல. ஒரு சிறிய ஆப்ஷனை டிக் செய்யாததுதான் காரணம்.

ஒரு கணக்கு பாருங்கள். எழுத்தின் கோடு 10 மி.மீ. அகலம், அவுட்லைன் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவுட்லைன் எழுத்தின் ஓரத்தில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் அமரும். எனவே இரு பக்கமும் 2 மி.மீ. போக, உள் நிறம் 6 மி.மீ. தெரியும். இதைப் பாதியாக்கினால் கோடு 5 மி.மீ. ஆகும். அவுட்லைன் மாறாததால் உள் நிறம் வெறும் 1 மி.மீ.தான் மிஞ்சும். சரியாகச் சுருங்கியிருந்தால் 3 மி.மீ. இருக்க வேண்டும்.

திருப்பூரில் பனியன், டி-ஷர்ட்டுக்கு டிசைன் செய்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். பெரியவர்கள் சைஸுக்குப் போட்ட நெஞ்சு பிரிண்டையே சுருக்கி, குழந்தைகள் சைஸுக்கும் எடுப்பார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிலிம், தனி ஸ்கிரீன். ஸ்கிரீன் தயாரான பிறகு தவறு தெரிந்தால் இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும். வெட்டிய துணியில் அடித்த பிறகு தெரிந்தால் அந்தத் துணியும் வீண்.

செய்ய வேண்டியவை:

1. பிக் டூலால் எழுத்தைத் தேர்வு செய்யுங்கள்.

2. எஃப்12 கீயை அழுத்துங்கள். அவுட்லைன் பென் டயலாக் பாக்ஸ் தோன்றும்.

3. அதில் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' என்பதை டிக் செய்யுங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 'ஸ்கேல் வித் இமேஜ்'.

4. ஓகே கொடுத்துவிட்டு, மூலையில் உள்ள கைப்பிடியைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்தால் எழுத்தின் வடிவமே மாறிவிடும்.

முதலில் டிக், பிறகுதான் அளவு மாற்றம். ஏற்கெனவே சுருக்கிவிட்டீர்கள் என்றால் கண்ட்ரோல் + இசட் கொடுத்துப் பழைய அளவுக்குத் திரும்பி, டிக் செய்த பின் மறுபடி சுருக்குங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கண்ட்ரோல் + ஷிப்ட் + க்யூ அழுத்தினால் அவுட்லைன் தனி உருவமாகிவிடும். இரண்டையும் சேர்த்துத் தேர்வு செய்து சுருக்கலாம். ஆனால் பிறகு அவுட்லைன் தடிமனை எண் கொடுத்து மாற்ற முடியாது. முதலில் ஒரு காப்பி சேமித்துவிடுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ் பகுதியின் ஜெனரலில் 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' என்று இதே வசதி உள்ளது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில், பிரிஃபரன்சஸில் 'ஸ்கேல் ஸ்ட்ரோக் வித்' என்பதை டிக் செய்ய வேண்டும்.

பிலிம் எடுக்கக் கொடுக்கும் முன், சிறிய சைஸை அதன் உண்மையான அளவிலேயே ஒரு பேப்பரில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். மானிட்டரில் பெரிதாக்கிப் பார்க்கும்போது கண்ணில் படாத அடைப்பு பேப்பரில் தெரிந்துவிடும்.