கணினிக்குக் கணினி ஒரு சொல்

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பெரட்டு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொழுது புலரும் முன் மணி ஒலிக்கும். எல்லாரும் களத்தில் கூடுவர். எவருக்கு எந்த நிரை என்பதைக் கங்காணியார் உரக்கக் கூறுவார். அது பொதுச் செய்தி. ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியானால், கிராணியார் துண்டுத் தாளில் எழுதிப் பையன் ஒருவனிடம் கொடுத்து அவர் வீட்டிற்கு அனுப்புவார். கணினி வலையமைப்பிலும் இவ்விருவகைச் செய்திகள் உண்டு. அவற்றை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எழுதத் தூண்டியது நம் பிழையே ஆகும். சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், இடி மின்னலுடன் மழை திரண்டு வருவதைக் கண்டு, கணினிக் கூடத்தின் மின்விசையை நாமே நிறுத்தினோம். கருவிகளைக் காக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். உள்ளே ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் பாட்டி பால்மரம் வெட்டிய நாள்களைப் பற்றி ஒரு மணி நேரமாகக் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தாள். அதனை அவள் சேமித்து வைக்கவில்லை. திரை இருண்டதும் கட்டுரையும் மறைந்தது. "ஐயா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அவள் கேட்டபோது நம்மிடம் மறுமொழி இல்லை.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வழி அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய அறிஞர்கள் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் ஒரே கணினியோடு பல முனையங்களை இணைத்துப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்தனர். திரையில் படங்களைச் சுட்டும் வழக்கம் அங்கு இல்லை. கட்டளைச் சொல்லைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினால், கணினி அதனை நிறைவேற்றும். அவ்வாறு தட்டும் இடத்தையே கட்டளை வரி என்கிறோம்.

1971இல் வந்த யூனிக்ஸின் முதற் பதிப்பிலேயே 'ரைட்' என்ற கட்டளை இருந்தது. அதனை அடுத்து ஒரு பயனரின் பெயரைத் தட்டினால், பின்பு நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் திரையில் தோன்றும். இருவரும் ஒரே வேளையில் எழுதினால் வரிகள் கலந்துவிடும். ஆதலால், தம் முறை முடிந்ததும் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டு மற்றவருக்கு வழிவிடுவது மரபாயிற்று. இது கிராணியாரின் துண்டுத் தாள் போன்றது.

மற்றொரு கட்டளை 'வால்'. தமிழில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு என்று மாணவர்கள் நகைக்க வேண்டா; 'அனைவருக்கும் எழுது' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. கணினியை நிறுத்துமுன், "வேலையைச் சேமித்து வையுங்கள்" என்று மேலாளர் எல்லாத் திரைகளுக்கும் அறிவிக்க அது பயன்படும். இது பெரட்டு.

செய்தி வேண்டாதவர் தம் கதவைச் சாத்தவும் வழி உண்டு. எம், ஈ, எஸ், ஜி என்னும் நான்கெழுத்துக் கட்டளையுடன் 'என்' என்ற எழுத்தைச் சேர்த்தால், பிற பயனர் எழுதுவது அவர் திரைக்கு வாராது. எனினும் தலைமை மேலாளரின் அறிவிப்பு சாத்திய கதவையும் கடந்து செல்லும். ஆகவே அதிகாரம் உடையவரே மிகுந்த அடக்கத்தோடு எழுத வேண்டும்.

இவ்வடக்கம் இல்லாவிடில் என்னாகும்? விண்டோஸ் கணினிகளில் முன்பு 'நெட் சென்ட்' என்ற கட்டளை இருந்தது. அலுவலகத்துள் அறிவிப்பு அனுப்ப ஏற்பட்ட அச்சேவையின் வழியாக, 2002ஆம் ஆண்டையொட்டி, முன்பின் அறியாதோர் இணையத்திலிருந்து விளம்பரங்களை மக்களின் திரைகளில் திணிக்கலாயினர். 2004இல் வெளிவந்த திருத்தத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அச்சேவை தானாக இயங்காதபடி செய்தது. பின்வந்த பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. சிலரின் தவற்றால் பலரும் ஒரு வசதியை இழந்தனர்.

இன்று விண்டோஸில் எம், எஸ், ஜி என்ற மூன்றெழுத்துக் கட்டளை உள்ளது. அதனை அடுத்து விண்மீன் குறியும் செய்தியும் தட்டினால், அக்கணினியில் நுழைந்திருப்போர் அனைவருக்கும் சிறு பெட்டியில் செய்தி தோன்றும். வேறொரு கணினிக்கு அனுப்பக் கட்டளையில் அதன் பெயரையும் குறிக்க வேண்டும். அனுப்புபவருக்கு உரிமை இருத்தல் வேண்டும். பெறும் கணினியும் இடந்தர வேண்டும். வீட்டுப் பயனுக்குரிய ஹோம் பதிப்பில் இக்கட்டளை இல்லை என்பதைப் பெற்றோர் அறிக.

நம் கணினிக் கூடத்தில் இப்பொழுது ஆசிரியர் இதனைப் பயன்படுத்துகிறார். மேகம் கறுத்தால், "ஐந்து நிமிடத்தில் மின்விசை நிறுத்தப்படும், சேமித்து வையுங்கள்" என்ற செய்தி ஒவ்வொரு திரைக்கும் செல்கிறது. வேறு எதற்கும் அதனைப் பயன்படுத்துவதில்லை. விளையாட்டிற்காக ஒருநாள் அனுப்பினால், மறுநாள் மெய்யான எச்சரிக்கையை எவரும் மதியார்.

நம் நாட்டைச் சேர்ந்த திரு. முத்து நெடுமாறன் அவர்கள் கணினியில் தமிழ் எழுத உருவாக்கிய மென்பொருளுக்கு 'முரசு அஞ்சல்' என்று பெயர். முரசு ஊருக்கெல்லாம் ஒலிப்பது. அஞ்சல் ஒருவர் கைக்குச் செல்வது. எதனை முரசாக அறைய வேண்டும், எதனை அஞ்சலாக விடுக்க வேண்டும் என்று தெரிந்து செய்தலே இக்கல்வியின் பயன். அஞ்சலுக்குரிய சொல்லை முரசில் அறைந்து ஒரு நண்பனை நாணச் செய்துவிட்டால், எந்தக் கட்டளையும் அதனைத் திரும்பப் பெற்றுத் தாராது.

அம்மாணவி தன் கட்டுரையை மீண்டும் எழுதி முடித்தாள். இம்முறை பத்தி தோறும் சேமித்தாள். மாணவச் செல்வங்களே, நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். எச்சரிக்கும் கடமையை ஆசிரியர்களாகிய நாங்கள் இனி மறவோம்.