காடும் மலையும் காணச் செல்லும் ஜீப் வண்டி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் சாலையிலே விதவிதமான ஜீப் வண்டிகளைக் காணலாம். ஒன்றின் கூரைமேல் மடித்துக் கட்டிய கூடாரம். மற்றொன்றின் பக்கத்திலே மண்வெட்டியும் எண்ணெய்த் தகரமும். வேறொன்றின் முன்புறத்திலே இரும்புக் கம்பி சுற்றிய உருளை. சிறுவர்களுக்கோ தேர் பார்த்த மகிழ்ச்சி. பெற்றோருக்கும், நம் வண்டியை இவ்வாறே ஒழுங்குசெய்து, பிள்ளைகளுடன் இரண்டு நாள் மலைச்சாரலிலே தங்கி வந்தாலென்ன என்னும் ஆசை பிறக்கின்றது. ஆசை நல்லதே. ஆயினும் எதை ஏற்றுவது, எதை விட்டுச் செல்வது, ஏற்றியதை எங்கே வைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே புறப்படுதல் வேண்டும்.

மாத்தளை மாவட்டம் இத்தகைய பயணத்துக்கு வாய்த்த இடம். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலே இருக்கின்றது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுகின்றது; தும்பறை மலை என்பது அதன் பழைய பெயர். மடக்கிய கைவிரல்களின் முட்டிபோல் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதற்கு இப்பெயரை இட்டனர். அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. 2010ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்ட இலங்கையின் மத்திய மலைநாட்டில் இம்மலைத்தொடரும் ஒரு பகுதி. ரிவர்ஸ்டனைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியைத் தாண்டி, இலுக்கும்புர, பல்லேகம வழியே கீழிறங்கினால், 1984ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவவின் வறண்ட காடு எதிர்ப்படுகின்றது. காலையிலே மூடுபனியும் அட்டைக்கடியும். மாலையிலே வெயிலும் புழுதியும் யானையும். ஒரே நாளில் இரண்டு தேசங்களைக் கடக்கும் வண்டி இரண்டுக்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டுமன்றோ?

போரிலே பிறந்த வண்டி

இயந்திரத்தின் வலுவை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் வண்டி புதியதன்று. எனினும் அதனை உலகறியச் செய்தது இரண்டாம் உலகப் போரே. 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், போர்ட் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்தபின், றோவர் நிறுவனத்தின் பொறியியலாளரான மொரிஸ் வில்க்ஸ் என்பவர் தமது பண்ணையிலே பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதைப்போல் ஒன்றை நாமே செய்தாலென்ன என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவாகிய லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே வெளிவந்தது. அக்காலத்தில் உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு. ஆதலின் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்தனர். பழைய வண்டிகளின் உடல் துருப்பிடியாமல் நெடுநாள் நிலைத்ததற்கு அன்றைய தட்டுப்பாடே காரணமாயிற்று.

1955ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களிலே இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சிலே தரைவழியாகச் சிங்கப்பூர் சேர்ந்தனர். இரண்டு வண்டிகள் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நன்று. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

பாரமே முதற் பகை

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் குடும்பத்துடன் முதன்முறை ரிவர்ஸ்டன் ஏறியபோது, அறியாமையினால் எல்லாப் பாரத்தையும் கூரையின்மேல் ஏற்றினேன். தண்ணீர்ப் பீப்பாய், எரிவாயு உருளை, அரிசி மூட்டை, கூடாரம் யாவும் மேலே. ஒரு கொண்டையூசி வளைவிலே எதிரே பஸ் ஒன்று வந்தது. ஒதுங்கிக் கொடுக்கையில், வெளிப்பக்கச் சக்கரங்கள் மென்மண்ணிலே ஒரு சாண் தாழ்ந்தன. அவ்வளவுதான், வண்டி முழுவதும் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து நின்றது. பின் ஆசனத்திலிருந்த என் தாயார், “தம்பி, வண்டியை நிப்பாட்டு. நாங்க இறங்கி நடக்கிறோம். நடந்து வந்த சனம்தானே நாங்க” என்றார். பிள்ளைகளையும் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நான் வெட்கத்துடன் பாரத்தையெல்லாம் இறக்கி, வண்டியை மீட்டேன். அன்று கற்ற பாடத்தையே இங்கு எழுதுகின்றேன்.

தண்ணீர், கருவிப்பெட்டி, உணவுப்பெட்டி முதலான கனமான பொருள்கள் வண்டியின் தரையிலே, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலே இருத்தல் வேண்டும். கூரைக்கு உரியவை படுக்கை, பாய், துணி போன்ற இலேசான பொருள்களே. பாரம் உயர உயர, வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கின்றது. சமதரையிலே தெரியாத சாய்வு வளைவிலே உயிரைக் கேட்கும்.

எவ்வளவு ஏற்றலாம்? ஒவ்வொரு வண்டிக்கும் உற்பத்தியாளர் ஓர் எல்லை விதித்திருக்கின்றார். ஒரு வண்டி 500 கிலோகிராம் தாங்குமென்று கொள்வோம். ஐந்து பேரின் எடை 300. கூரைச் சட்டமும் கூரைக் கூடாரமும் 90. நாற்பது லீற்றர் தண்ணீர் 40. இரண்டாவது பற்றரி 25. உணவுடன் குளிர்பெட்டி 35. இருபது லீற்றர் டீசல் நிரம்பிய தகரம் 21. கூட்டிப்பாருங்கள்: 511 கிலோகிராம்! அடுப்பும் துணியும் கருவிகளும் ஏறுவதற்கு முன்னரே எல்லை கடந்துவிட்டது. மயிற்பீலியே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் உவமை கூறியது அரசர்க்கு. ஜீப் வைத்திருப்போர்க்கும் அது பொருந்துவதே.

காலும் கயிறும்

பணம் செலவிடுவதாயின் முதலில் டயருக்குச் செலவிடுக. மினுக்கமான முன் கம்பிகளும் வரிசை விளக்குகளும் பின்னர் வரட்டும். மலைப்பாதைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற நல்ல டயர் ஐந்து வேண்டும். ஐந்தாவது மேலதிகச் சக்கரம். தார்ச் சாலையிலே சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரை காற்று வைத்திருப்போர், சேற்றிலும் மணலிலும் அதனை இருபதளவுக்குக் குறைத்தால், டயர் அகன்று படிந்து நிலத்தைப் பற்றிக்கொள்ளும். அந்நிலையில் மெல்லவே செல்லுதல் வேண்டும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்புதல் கட்டாயம். ஆதலின் சிறு காற்றுப் பம்பும் அழுத்தமானியும் உடனிருக்கட்டும்.

இறக்கத்திலே பிறேக்கை ஓயாது மிதிப்போர் பலர். நெடுநேரம் மிதித்தால் பிறேக் சூடேறி, பிடிக்கும் வலுவை இழக்கின்றது. தாழ்ந்த கியரிலே இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஏறிய கியரிலேயே இறங்குக என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய நெறி.

புதைந்த வண்டியை மீட்பதற்கு மண்வெட்டி, சக்கரத்தின்கீழ் இடும் பலகைகள், வலிய இழுவைப் பட்டி, இரும்புக் கொளுவிகள் ஆகியவை போதும். பட்டியை மாட்டும் இடமே முக்கியம். வண்டியின் சட்டத்தோடு பிணைந்த இழுவைக் கொக்கியிலேயே மாட்டுதல் வேண்டும். பின்வண்டி பூட்டும் உருண்டையிலே ஒருபோதும் மாட்டலாகாது. இழுக்கையில் அது முறிந்து, துப்பாக்கிக் குண்டுபோற் பறந்து உயிர்களைக் கொன்றதுண்டு. இழுக்கும் வேளையிலே பிள்ளைகள் பட்டியின் நீளத்தைவிடத் தூரத்தே நிற்கட்டும். முன்புறத்து உருளையான வின்ச் விலை மிகுந்தது, கனமும் மிகுந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு குடும்பத்தையும் அவர்கள் வண்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சிங்கப்பூர் சென்ற மாணவர்கள் இரண்டு வண்டிகளிலே போனதன் நன்மை இதுவே: ஒன்று விழுந்தால் மற்றொன்று தூக்கும்.

மின்சாரமும் அடுப்பும்

குளிர்பெட்டியும் விளக்கும் கைப்பேசியும் இரவு முழுவதும் வண்டியின் பற்றரியிலே உறிஞ்சினால், காலையிலே இயந்திரம் உயிர்பெறாது. ஆதலின் பயணப் பொருள்களுக்கென இரண்டாவது பற்றரி ஒன்றை வைத்து, இயந்திரம் நின்றதும் முதற் பற்றரியிலிருந்து அதனைப் பிரித்துவிடும் கருவியைப் பொருத்துதல் முறை. வயர் தடித்ததாகவும், பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் உடையதாகவும் இருத்தல் வேண்டும். மெல்லிய வயரிலே மிகுந்த மின்சாரம் ஓடினால் தீப்பற்றும். அனுபவமுள்ள மின்வினைஞரைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்க. இரண்டு இரவுகளுக்கு மட்டும் செல்வோருக்கு இவையெதுவும் வேண்டா. பனிக்கட்டி இட்ட பெட்டியும் இரண்டு கைவிளக்குகளும் போதும்.

சமையல் வெளியிலே நடக்கட்டும். மழை பெய்கின்றதென்று கூடாரத்தினுள்ளோ வண்டியினுள்ளோ அடுப்பு மூட்டலாகாது. குளிர்காயக் கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் அவ்வாறே. அதிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்வர்.

தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு ஐந்து லீற்றர் என்று கணக்கிடுக. முதலுதவிப் பெட்டியும், கணுக்காலை மூடும் சப்பாத்தும், நக்கிள்ஸ் வனத்துக்கு அட்டைக் காலுறையும் மறவற்க. அவசர அம்புலன்ஸ் வண்டியின் இலக்கம் 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மலையிலே கைப்பேசி எங்கும் பேசுமென்று நம்பலாகாது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருப்போரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்.

வண்டிக்கும் எல்லை உண்டு

நன்கு பூட்டிய வண்டி சாரதிக்கு வீண் துணிவைக் கொடுப்பதுண்டு. காற்றுக் குழாயைக் கூரைவரை உயர்த்திவிட்டால் ஆற்றைக் கடக்கலாமென்று எண்ணுவோர் உளர். அக்குழாய் இயந்திரத்துக்குள் நீர் புகாமற் காக்கும். வெள்ளம் வண்டியை அடித்துச் செல்வதைத் தடுக்காது. இரண்டடி ஆழமான ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை மிதக்கச் செய்துவிடும். மலையில் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் எறிக்கும்போதே ஓடை பெருகும்.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் கொணர்ந்த மழையும் மண்சரிவும் மலைநாட்டைக் குலைத்ததை நாம் மறக்கவில்லை. எந்தப் பாதை திறந்திருக்கின்றது என்பதை ஊராரிடம் கேட்டறிந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துப் புறப்படுக. எச்சரிக்கை உள்ள நாளிலே வீட்டில் இருப்பதே சிறந்த ஆயத்தம்.

காட்டிலே நினைத்த இடத்திற் கூடாரம் அடிக்க உரிமை இல்லை. வனத் திணைக்களத்தின் நிலமாயின் அவர்களிடமும், வஸ்கமுவ போன்ற பூங்காவாயின் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் முன்னரே அனுமதி பெற்று, குறித்த இடத்திலேயே தங்குதல் வேண்டும். பூங்காவினுள் வண்டியை விட்டு இறங்கலாகாது. பழமும் உப்பும் அரிசியும் யானையின் மூக்குக்கு எட்டுவன. அவற்றைக் கூடாரத்தினுள் வைப்பது விருந்தழைப்பாகும். பத்தனைப் புல்லிலே ஒரு தீப்பொறி விழுந்தால் குன்றே எரியும். கொண்டுசென்ற பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையையும் முன்னரே ஏற்றிக்கொள்க.

நடந்து வந்தவர்கள்

என் தாயார் சொன்ன சொல்லை எண்ணிப் பார்க்கின்றேன். 19ஆம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம் மூதாதையர், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் தூரம் நடந்தே வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலோடு அவ்வழிநடையின் நினைவு பிணைந்திருக்கின்றது. 2023ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நினைவு நடைபயணம் வந்தனர்.

மூதாதையரின் தலையிலிருந்தது ஒரு மூட்டை. அதைப் பெருமை என்று சொல்லமாட்டேன். வறுமையே அவர்களை அவ்வாறு அனுப்பிற்று. ஆனால் அம்மூட்டையில் வைத்த ஒவ்வொரு பொருளும் தலையிலே கனக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் வண்டியிலே ஏற்றுவதால் அக்கனத்தை உணர்வதில்லை.

ஆதலின் ஒரு வழி சொல்வேன். முதற் பயணத்துக்குப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதீர்கள். வண்டியின் உருவையோ உயரத்தையோ இயந்திரத்தையோ மாற்றுவதாயின், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் முன்னதாகக் கேளுங்கள். ஓரிரவு தங்கித் திரும்பியதும், பொருள்களையெல்லாம் விறாந்தையிலே மூன்று குவியலாகப் பரப்புங்கள்: நாள்தோறும் பயன்பட்டவை, ஒருமுறை பயன்பட்டவை, தொடாதவை. பிள்ளைகளே பிரிக்கட்டும். முதலுதவியும் மீட்புக் கருவிகளும் தொடப்படாவிடினும் முதற் குவியலையே சேர்ந்தவை. மற்றவற்றில் மூன்றாம் குவியலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நாங்கள் இப்போது ரிவர்ஸ்டன் ஏறும்போது கூரையிலே பாயும் போர்வையுமே இருக்கின்றன. அந்த வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தி, யாவரும் இறங்கிச் சிறிது தூரம் நடக்கின்றோம். என் தாயார் முன்னே செல்கின்றார்.