கண்ணாடி நல்லது, பிடிதான் பிழை
வேட்டைக் கைத்துவக்கில் ஸ்கோப் பூட்டுவது எப்படி?

தாங்ஸ்கிவிங் நெருங்கிவிட்டால் ஒஹாயோவில் எங்கள் தொழிற்சாலையில் மான் வேட்டையைத் தவிர வேறு கதை கிடையாது. மாலை ஷிப்டில் இரும்பு கடையும் நாங்கள் மூன்று தமிழர். துவக்கைக் கண்டு ஓடி வந்த எங்களுக்கு இந்தக் கதைகள் முதலில் பிடிக்கவில்லை. எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவோம். ஆனால் சென்ற ஆண்டு கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு சிறு பொட்டலத்தோடு எங்களிடமே வந்தார்.

வேலைத்தலத்துக்குத் துவக்குக் கொண்டுவர முடியாது. அவர் கொண்டுவந்தது ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டும் அதன் திருகாணியும் மட்டுமே. ".44 மக்னம் றிவோல்வர். முதல் பத்து வெடி நேராகப் போகும், பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். ஸ்கோப்தான் பழுது, புதிதாக வாங்கப் போகிறேன்" என்றார். முந்திய ஆண்டு ஒரு மானைக் காயப்படுத்திவிட்டு, இருட்டும்வரை தேடியும் காணவில்லையாம். அதைச் சொல்லும்போது மனிதரின் முகம் விழுந்துவிட்டது.

எங்களுக்குத் துவக்குத் தெரியாது, இரும்பு தெரியும். திருகாணி நடுவில் வளைந்திருந்தது. துளையின் விளிம்பு நசுங்கியிருந்தது. எங்களில் மூத்தவர் வன்னியில் பிறந்தவர். இடியன் துவக்கோடு காட்டுக்குப் போனவர்களைப் பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்னார்: "தம்பி, துவக்கு பின்னுக்கு உதைக்கேக்கை கண்ணாடி நிண்ட இடத்திலையே நிக்கப் பாக்கும். இரண்டுக்கும் நடுவிலை ஆணிதான் இழுபடும். கண்ணாடி நல்லது, பிடிதான் பிழை."

அன்றிலிருந்து இதை நாங்களும் விசாரித்துப் படித்தோம். அறிந்ததை இங்கே தருகிறோம்.

மூன்று வழிகள்

.44 மக்னம் 240 கிறெயின், அதாவது சுமார் 15.5 கிராம் குண்டை வினாடிக்கு 400 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அனுப்பும். அதற்கு ஈடான உதைப்பைச் சில சிறு திருகாணிகள் தாங்க வேண்டும். ஸ்கோப் பாரமானால் இழுவையும் கூடும். ஆகவே ஸ்கோப்பின் விலையைப் பார்க்குமுன் பிடியைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, துளைக்காமல் பூட்டுவது. பின்குறியைக் கழற்றிவிட்டு அதே துளையில் அடித்தட்டைப் பூட்டுவார்கள். மலிவு. விரும்பினால் பழையபடி மாற்றலாம். ஆனால் பாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே ஆணியில் விழுகிறது. .22 போன்ற மெல்லிய தோட்டாவுக்குப் போதும். .44க்கு இதை நம்பக்கூடாது. எங்கள் நண்பருடையது இந்த வகைதான்.

இரண்டாவது, துளைத்து மரை போடுவது. சிலிண்டருக்கு மேலாகப் போகும் உருக்குப் பாலத்தில் அல்லது குழலின் மேல் பல துளைகள் இட்டு அடித்தட்டை இறுக்குவார்கள். 6-48 அளவு ஆணி வழக்கம். 8-40 தடித்தது, கூடுதலாகத் தாங்கும். அந்தப் பாலம் மெல்லியது. துளை சற்றே கோணினாலும் ஸ்கோப்பைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாமல் போகலாம். எங்களிடம் நல்ல மெஷின் இருந்தும் நாங்கள் இதில் கைவைக்க மறுத்துவிட்டோம். அனுமதி பெற்ற துவக்குத் தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, துவக்கு செய்யும்போதே இடம் வெட்டிவிடுவது. 1987இல் வந்த றூகர் சூப்பர் றெட்ஹோக் இப்படியானது. அதன் உடலிலேயே பள்ளங்கள் உண்டு. வளையத்தின் அடியிலுள்ள புடைப்பு அதில் போய் உட்காரும். உதைப்பை ஆணி தாங்காமல் உருக்கே தாங்கும். கழற்றினால் பழைய குறியும் அப்படியே இருக்கும். புதிதாக வாங்குபவருக்கு இதுவே நல்ல வழி.

பூட்டும்போது

றைபிள் ஸ்கோப்பை றிவோல்வரில் பூட்டக்கூடாது. அதற்குக் கண் மூன்று, நான்கு அங்குலத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு கிட்டப் பிடித்தால் உதைப்பில் கண்ணே போய்விடும். கைத்துவக்கு ஸ்கோப், கையை நீட்டிப் பிடிக்கும் தூரத்துக்கென்றே செய்யப்படுவது. இரண்டு மடங்கு பெருக்கம் போதும். கூடினால் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

.44க்கு மூன்று வளையம் போடுவது நல்லது. இறுக்குமுன் வளையங்களைக் காடியில் குழல்முனைப் பக்கம் தள்ளிவிடுங்கள். ஸ்கோப் முன்னுக்கு இழுபடும்போது ஏற்கெனவே சுவரோடு ஒட்டியிருக்கும். ஆணியின் எண்ணெயைத் துடைத்து, நீலநிற மரைப்பசை ஒரு துளி விடுங்கள். வளைய ஆணிகளுக்கு 15 முதல் 18 அங்குல இறாத்தல் வழக்கம். செய்தவர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. முறுக்கமானி இல்லாமல் கைப்பலத்தால் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். கடைசியில் வளைய ஓரத்தில் மெல்லிய பெயின்ற் கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் பிடி வழுக்குகிறது என்று அர்த்தம்.

சுடும்போது சிலிண்டரும் குழலும் சந்திக்கும் இடைவெளிக்குப் பக்கத்தில் விரல் வைக்கக்கூடாது. அங்கிருந்து வெளிவரும் வாயு விரலை வெட்டும்.

நம்மவர்களுக்கு

ஒஹாயோவில் மான் வேட்டைக்குக் கைத்துவக்கின் குழல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும், நேர்ச்சுவர்த் தோட்டா,.357 அல்லது அதற்கு மேல். மற்ற மாநிலங்களில் விதி வேறு. ஆனால் நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு. இந்த நாட்டின் மத்திய சட்டப்படி, சட்டபூர்வ அந்தஸ்து இல்லாதவரும் தற்காலிக விசாவில் வந்தவரும், சில விதிவிலக்குகள் தவிர, துவக்கு வைத்திருப்பது குற்றம். சுடும் மைதானத்தில் வாடகைக்கு வாங்கிக் கையில் பிடித்தாலும் பிரச்சினைதான். துவக்குக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தவும் வழியுண்டு. தஞ்ச வழக்கு முடியாதவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கனடாவில் கைத்துவக்கால் வேட்டையாட அனுமதியே இல்லை. ரொறன்ரோ உறவினரிடம் போகும் காரில் அது இருக்கக்கூடாது.

நண்பர் புதிய ஸ்கோப் வாங்கவில்லை. துவக்குத் தொழிலாளியிடம் கொடுத்து 8-40 ஆணியில் அடித்தட்டும் மூன்று வளையமும் போட்டார். குறி சரிபார்க்கப் போகும்போது எங்களையும் அழைத்தார். இருவர் போனோம். மூத்தவர் வரவில்லை. அவரது வழக்கு இன்னும் முடியவில்லை. "நான் வந்தால் ஒருக்கால் தூக்கிப் பாக்க ஆசை வரும். பிள்ளையள் இருக்கினம்" என்றார்.

டிசம்பரில் நண்பர் ஒரே வெடியில் மானை வீழ்த்தினார். இறைச்சியில் ஒரு பொதியை மூத்தவருக்கென்று தனியாகக் கொண்டுவந்தார். மிளகும் தூளும் போட்டுக் கறி வைத்து, மூன்று குடும்பமும் கூடிச் சாப்பிட்டோம். "காயம்பட்டது காட்டுக்குள்ளை கிடந்து சாகேல்லை. அது காணும்" என்றார் மூத்தவர்.